ஆர்கேட்டா சதுப்புநிலக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு

ஆர்கேட்டா, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில வடகோடியில் ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் உள்ள சிறுநகரம். மக்கள்தொகை ஏறத்தாழ 18,000. இந்நகரின் சாக்கடை நீர், கோரையும் சம்பும் அடர்ந்த செயற்கைச் சதுப்புநிலங்களின் வழியே சுத்தமாகி விரிகுடாவில் கலக்கிறது. சதுப்புநிலம், குட்டைகள், சேற்றுப்பரப்பு எல்லாம் சேர்ந்த 307 ஏக்கர் பரப்பு பறவைகள் சரணாலயமாகவும் விளங்குகிறது.

இத்திட்டம் ஓர் அரசு விதியின் விலக்கிலிருந்து பிறந்தது. விரிகுடாக்களில் கழிவுநீரை விடக் கூடாது என்று 1974இல் மாநில நீர்வள வாரியம் கொள்கை வகுத்தது; விடப்படும் நீர் விரிகுடாவை மேம்படுத்தும் என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு உண்டு. சுற்றுவட்டார ஊர்கள் அனைத்துக்கும் பொதுவாக ஒரே பெரிய நிலையம் கட்டி, கழிவுநீரைப் பசிபிக் கடலில் விடும் யோசனை அப்போது முன்வைக்கப்பட்டது. செலவை எண்ணித் தயங்கிய ஆர்கேட்டா அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டது. ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆலன், கழிவுநீரும் கடல்நீரும் கலந்த குட்டைகளில் ஏற்கெனவே சால்மன் குஞ்சுகளை வளர்த்து வந்தார். பொறியாளர் ராபர்ட் கியர்ஹார்ட்டுடன் சேர்ந்து அவர் சதுப்புநில முறையை முன்வைத்தார். 1979 முதல் 1982 வரை முன்னோட்டச் சோதனை நடந்தது. முழு அமைப்பு 1986இல் இயங்கத் தொடங்கியது. மூடப்பட்ட குப்பைமேடும் மர ஆலையின் பழைய குட்டையும் இருந்த இடத்தில் அது அமைந்தது.

முதற்கட்டம் எந்த ஊரிலும் உள்ளதுதான். கம்பித் தடுப்பு துணி, பிளாஸ்டிக் போன்றவற்றை நிறுத்தும். மணல் தனியாகப் பிரியும். படிவுத் தொட்டியில் அடியில் தங்கும் கசடு செரிப்புக்கலனுக்குப் போகும். அதன்பின் நீர் ஆக்சிஜனேற்றக் குட்டைகளில் பல நாட்கள் தேங்குகிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிட, அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் கரைந்த அழுக்கைத் தின்கின்றன. ஆனால் இங்கே ஒரு சிக்கல். குட்டையை விட்டு வெளியேறும் நீர் பச்சையாக இருக்கும். அழுக்கைத் தின்ன உதவிய பாசியே இப்போது அழுக்கு. சதுப்புநிலத்தின் வேலை இங்குதான் தொடங்குகிறது. அடர்ந்து நிற்கும் தண்டுகள் வெயிலை மறைப்பதால் பாசி மடிந்து அடியில் படிகிறது. நீருக்குள் உள்ள தண்டுகளின்மேல் வழவழப்பாய்ப் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம் மிச்சத்தைச் சிதைக்கிறது. செடிகள் உறிஞ்சிச் சுத்தம் செய்கின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே; நிழலும் ஒட்டிடமும் தருவதே அவற்றின் பெரும்பங்கு.

கிருமிநீக்கத்துக்குப் பின் நீர் ஆலன், கியர்ஹார்ட், ஹௌசர் என்ற பெயர்களைத் தாங்கிய மேலும் மூன்று சதுப்புகளைக் கடக்கிறது. பொதுமக்கள் நடக்கும் பாதைகள் இவற்றின் கரையில்தான் உள்ளன. இங்கு 300க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. 1987இல் ஃபோர்டு அறக்கட்டளையின் புதுமை விருது இந்நகருக்குக் கிடைத்தது.

பராமரிப்பு இல்லாமல் இம்முறை நிலைக்காது. மடிந்த தாவரமும் படிவும் சேர்ந்து சதுப்பைத் தூர்த்துவிடும். அவ்வப்போது வெட்டி அகற்ற வேண்டும். குளிர்கால மழைநீர் பழைய குழாய்களுக்குள் கசிந்து, நிலையத்துக்கு வரும் நீரின் அளவைப் பன்மடங்காக்குகிறது. தட்டையான நிலம் தாராளமாக உள்ள சிற்றூருக்கே இது பொருந்தும். நிலவிலை ஏறிய பெருநகரம் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆர்கேட்டாவிலும் இன்றைய பெரிய கவலை கடல்மட்ட உயர்வே. குட்டைகளையும் சதுப்புகளையும் விரிகுடாவிலிருந்து பிரிப்பவை தாழ்வான மண்கரைகள் மட்டுமே.