தோட்டப் பாடசாலை மண்டபமும் திரை வகுப்பறையும்: வகுப்பறைத் தளக்கோலத்தைச் சேமித்தலின் வரலாறு

மெய்நிகர் வகுப்பறை மென்பொருள்கள் சிலவற்றில் ஒரு வசதி உண்டு. பாடப் படம் எங்கே, உரையாடல் பெட்டி எங்கே, குறிப்புப் பலகை எங்கே என்று ஆசிரியர் ஒருமுறை அடுக்கிவைத்த திரைத் தளக்கோலத்தைச் சேமித்து, அடுத்த பாடத்துக்கும் அடுத்த ஆண்டுக்கும் அப்படியே எடுத்தாளலாம். பார்வைக்கு இது ஒரு சில்லறை வசதி. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் பெறுமதி தெரிகிறது. மலையகத்தில் வகுப்பறையின் வடிவத்தை முதலில் தோட்ட நிர்வாகமும், பின்னர் அரசும், அதன்பின் வெளிநாட்டு உதவித் திட்டங்களும் தீர்மானித்தன. அந்த வடிவத்துக்குள் நின்று பல தரங்களை ஒருசேர நடத்திய ஆசிரியர் தாமாக வகுத்துக்கொண்ட ஒழுங்கு, அன்றன்று மாலையில் கரும்பலகையோடு சேர்ந்து அழிந்துபோனது. தளக்கோலம் என்பது ஆசிரியரின் உழைப்பு. அதைச் சேமிக்கும் உரிமையும் அவருடையதாகவே இருக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோட்டத்தில் ஒரே வரைபடத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் பாடசாலைக்கு முந்தியது. 1867இல் லூல்கந்தரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டபோது, கோப்பிக் காலத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் ஏற்கனவே மலைச்சரிவுகளில் வரிசையாக நின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு ஒடுங்கிய விறாந்தை. இந்த ஒரு வரைபடமே தோட்டத்துக்குத் தோட்டம் பிரதியெடுக்கப்பட்டது. அறைக்குள் வாழப்போகிறவரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. கல்வியும் இதே தடத்தில்தான் வந்தது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் முயற்சிகள் ஒருபுறமிருக்க, சட்டம் முதன்முதலாகத் தலையிட்டது 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தின் வழியாகத்தான். ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதும், அதற்குப் பொருத்தமான அறையொன்றை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்ட அதிகாரியான துரையின் கடமை என்றது அச்சட்டம். எது பொருத்தமான அறை என்று முடிவுசெய்தவரும் துரையே. லயன் அறையும் தகரக் கொட்டகையும் பள்ளிக்கூடமாயின.

இதன் பின்விளைவு நீண்டது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விடப்பட்டன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்த பின்னரே, 1977 முதல் அவை படிப்படியாகக் கல்வி அமைச்சின்கீழ் வந்தன. 1980களில் சுவீடனின் சீடா நிறுவனம் உதவிய திட்டங்களால் புதிய கட்டடங்கள் எழுந்தன. பின்னர் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆயினும் கட்டடம் பெரும்பாலும் ஒரு மாதிரி மண்டபம்தான்: நீளமான ஒரே கூடம், அரைச்சுவர், தரங்களுக்கிடையே தடுப்பில்லை. அந்தக் கூடத்தை வகுப்பறையாக்கியது ஆசிரியரின் கைவேலை. கரும்பலகையை வெண்கட்டிக் கோட்டால் மூன்றாகப் பிரிப்பார். முதலாம் தரத்துப் பிள்ளைகளைத் தம் மேசைக்கு அருகில் அமர்த்துவார். நான்காம் தரத்துக்குப் பலகையில் கணக்கை எழுதிவிட்டு, மூன்றாம் தரத்துக்கு வாசிப்பைக் கொடுத்து, முதலாம் தரத்துக்கு எழுத்துச் சொல்லித் திரும்பும்போது நான்காம் தரம் கணக்கை முடித்திருக்கவேண்டும். எந்தத் தரம் எந்தப் பக்கம் பார்த்து உட்காரவேண்டும் என்பதுகூட அளந்து செய்த தீர்மானம். பாடக் குறிப்புப் புத்தகத்தில் பாடத்தின் பொருள் பதிவானது. இந்த இட ஒழுங்கும் நேர ஒழுங்கும் பதிவாகவில்லை. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அவரோடு அதுவும் போனது. புதிதாக வந்தவர் முதலிலிருந்து தொடங்கினார். மலையகக் கல்வி இழந்தவற்றைக் கணக்கிடுவோர் இந்த இழப்பையும் அதில் சேர்க்கவேண்டும்.

திரை வகுப்பறையின் வரலாறு வேறிடத்தில் தொடங்குகிறது. 1980களில் நியூ ஜெர்சித் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்டார் ரொக்சேன் ஹில்ட்ஸும் முரே டூரோஃபும் உருவாக்கிய மெய்நிகர் வகுப்பறை முழுவதும் எழுத்தால் ஆனது. தளக்கோலம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. 2003இல் மெக்ரோமீடியா நிறுவனத்தின் பிரீஸ் வந்தபின், திரையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுக்கும் முறை பரவியது. 2005இல் அந்நிறுவனத்தை அடோபி வாங்கியது. பிரீஸ், அடோபி கனெக்ட் ஆனது. அதில் ஆசிரியர் பல தளக்கோலங்களை முன்கூட்டியே செய்துவைத்து, ஒரு சொடுக்கில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். அறை மூடப்பட்டாலும் அடுக்கியவை அடுத்த நாளும் அதே இடத்தில் இருக்கும். முழு அறையையும் வார்ப்புருவாகச் சேமித்தால், அதிலிருந்து இன்னொரு ஆசிரியர் புதிய அறை திறக்கலாம். பெட்டிகளின் பெயரும் அளவும் இடமும் கூடவே வரும். ஹட்டன் மண்டபத்தில் ஆசிரியர் வெண்கட்டியால் செய்ததையே இது செய்கிறது, ஆனால் அழியாமல்.

2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது மலையகத்துக்குக் கிடைத்தவை வேறு. செயலட்டைகள் வட்ஸ்அப் குழுக்களில் போயின. அங்கே காலை போட்ட பாடம் மாலைக்குள் வணக்கங்களுக்கும் சந்தேகங்களுக்கும் கீழே புதைந்துவிடும். தளக்கோலம் என்று ஒன்றே கிடையாது. அன்றைய சூம் வகுப்பில் எழுதிய வெண்பலகையோ, தனியே சேமிக்காவிட்டால் கூட்டம் முடிந்ததும் மறைந்துபோனது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. தம் சொந்தத் தொலைபேசியிலும் சொந்த டேட்டாவிலும் கற்பித்தோம் என்ற ஆசிரியர்களின் குறை அப்போது உரத்து ஒலித்தது. அது நியாயமான குறை. அந்த மாதங்களில் அவர்கள் உருவாக்கிய ஒழுங்குகள் எங்கே என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்பவில்லை.

சிக்னலே இல்லாத தோட்டத்தில் தளக்கோலம் பற்றிப் பேசுவது வீண் என்று ஒருவர் மறுக்கலாம். மலைமடிப்புகளில் அலை எட்டாத டிவிசன்கள் உண்டு என்பதும், ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்ததும் மெய். அலைக்கோபுரம் இல்லாத குறையைத் தளக்கோலம் தீர்க்காது. ஆனால் அலை மெலிவாக எட்டும் இடத்தில் எதைத் திரையில் வைக்கிறோம் என்பதே வகுப்பு நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆசிரியரின் முகத்தைக் காட்டும் காணொளி டேட்டாவை விழுங்கும். நிலையான ஒரு படமும் எழுத்துப் பெட்டியும் அதில் மிகச் சிறு பங்கையே கேட்கும். காணொளி இல்லாத ஒரு மெலிந்த தளக்கோலத்தைத் தயாராக வைத்திருப்பவர், இணைப்பு தளரும் கணத்தில் அதற்கு மாறிவிடலாம். வசதி குறைந்த வகுப்புக்குத்தான் முன் ஆயத்தம் கூடுதலாகத் தேவை.

இதைவிட வலுவான மறுப்பொன்று உண்டு. வார்ப்புரு என்பதே லயன் வரைபடத்தின் மறுபிறப்பு. மேலிடம் ஒன்றை வரைந்து கீழே அனைவர்மீதும் சுமத்தும் என்பதே அந்த மறுப்பு. மலையகத்தின் அனுபவம் இந்த அச்சத்துக்கு இடம்கொடுக்கிறது. கொழும்பில் தனித்தனித் தர வகுப்புகளை மனத்தில் வைத்து வரைந்த அமைப்பு, ஒரே ஆசிரியர் மூன்று தரங்களை நடத்தும் பாடசாலைக்குப் பொருந்தாது. ஆனால் லயன் அறையின் சுவரை அதில் குடியிருந்தவர் நகர்த்த முடியவில்லை. சேமித்த தளக்கோலத்தை எடுத்தாளும் ஆசிரியர் ஒரு நிமிடத்தில் மாற்றலாம், மாற்றியதைத் தம் பெயரில் தனியே வைக்கலாம். தீங்கு பிரதியெடுப்பதில் இல்லை, திருத்தும் உரிமையை மறுப்பதில் இருக்கிறது. செலவும் ஒரு தடைதான்: அடோபி கனெக்ட் கட்டண மென்பொருள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய பிக்புளூபட்டன் என்ற மெய்நிகர் வகுப்பறை மென்பொருள் இலவசம், எனினும் அதற்கு ஒரு வழங்கி வேண்டும், தளக்கோலத் தெரிவுகளும் அதில் குறைவு. ஒரு பாடசாலையால் தாங்க முடியாத இச்சுமையை ஒரு கல்வி வலயம் தாங்கலாம்.

ஆகவே ஹட்டன், நுவரெலியா, கொத்மலை வலயங்களின் ஆசிரிய ஆலோசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சேவைக்காலப் பயிற்சியில் தயாரான வார்ப்புரு எதையும் விநியோகிக்காதீர்கள். பல தரங்களை ஒன்றாக நடத்திப் பழகிய ஆசிரியர்களிடம் ஆளுக்கொரு வெற்று அறையைக் கொடுத்து, தம் மண்டபத்தை எப்படிப் பிரிப்பார்களோ அப்படியே திரையைப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் பிரித்ததை அவரவர் பெயரிலேயே சேமித்து, வலயத்தின் மற்ற ஆசிரியர்கள் எடுத்தாளத் திறந்து வையுங்கள்.