மலையக நிலமும் மாகாண மேல் நீதிமன்றமும்

13ஆம் திருத்தம் என்றதும் மாகாண சபைகள்தான் நினைவுக்கு வரும். 1987 நவம்பரில் வந்த அதே திருத்தம் மாகாணந்தோறும் ஒரு மேல் நீதிமன்றத்தையும் நிறுவியதை மேடைகளில் யாரும் பேசுவதில்லை. சபைகள் தேர்தலின்றிக் கிடக்கின்றன, நீதிமன்றங்கள் இயங்குகின்றன. தொழில் நியாயசபைத் தீர்ப்புகள் மீதான மேன்முறையீட்டை 1990ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இவற்றிடமே ஒப்படைத்தது. வேலை பறிபோன தோட்டத் தொழிலாளிக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் மலையகத்தின் தலையாய வழக்கு நிலம். அங்கேதான் இந்த நீதிமன்றத்தின் கை கட்டப்பட்டது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, நிலம் போகவில்லை. ஆகவே லயத்து முற்றமும் மரக்கறிப் பாத்தியும் சட்டத்தின் கண்ணில் அரச காணி. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி வெளியேறச் சொல்லி அறிவித்தல் வரும். வெளியேறாவிட்டால் விவகாரம் நீதவானிடம் போகும். அங்கே செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தையோ அரசின் எழுத்து மூல அதிகாரத்தையோ காட்டினால்தான் தப்பலாம். அப்படியொரு கடதாசி லயங்களில் எத்தனை பேரிடம் இருக்கும்? அறிவித்தலே சட்டப்படி சரியா என்று கேட்க, பேராணை மனுதான் உருப்படியான வழி. ராகலை ஸ்டஃபோர்ட் தோட்ட வழக்கில் ஒருவர் அந்த மனுவோடு கண்டி மேல் நீதிமன்றம் போனார். அதிகாரமில்லை என்றது அது. உண்டு என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். 2013 செப்டெம்பர் 26 அன்று, அரச காணி மாகாணத்தின் விடயமல்ல, ஆகவே அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் முடித்துவைத்தது.

அரச காணி குடியரசுக்கே உரியது என்று திருத்தத்தின் பின்னிணைப்பே சொல்கிறதே என்பார்கள். உண்மை, நீதியரசர்கள் காற்றில் எழுதவில்லை. ஆனால் ஓர் அறிவித்தலின் சட்டத்தன்மையை ஆராய்வது காணியைப் பங்கு போடுவதாகாது. எந்த நீதிமன்றம் விசாரித்தாலும் காணி அரசினதே. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம் திறந்துதானே இருக்கிறது என்ற பதிலும் வரும். 1,891 மீற்றர் உயரத்துப் பட்டிப்பொல நிலையத்தில் ரயிலேறி, ஒவ்வொரு தவணைக்கும் பேர் விழாமல் அன்றைய கூலியை இழந்து, கொழும்புச் சட்டத்தரணிக்கும் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பதில் அது. கண்டியும் பக்கத்தில் இல்லைதான், ஆனாலும் அன்றிரவே வீடு திரும்பலாம்.

இந்த நீதிமன்றங்களுக்கு வேறு அதிகாரங்களையும் பாராளுமன்றம் சட்டத்தால் வழங்கலாம் என்று அவற்றை உருவாக்கிய உறுப்புரையே சொல்கிறது. மாவட்ட நீதிமன்றங்களின் குடியியல் மேன்முறையீடுகளை 2006இல் அப்படித்தான் கொடுத்தார்கள். தோட்டக் காணி வழக்குகளுக்கும் அதையே கேட்டு ஒரு சட்டமூலம் கொண்டுவருவது மலையக உறுப்பினர்களின் வேலை.