துகள் இயற்பியலில் கணினி இயற்கணிதம்: ஒரு வரலாறு

எண்களைக் கூட்டிப் பெருக்குவதோடு நில்லாமல், எழுத்துக் குறியீடுகளால் ஆன கோவைகளையும் கணினியைக் கொண்டு விரித்துச் சுருக்கும் முறை கணினி இயற்கணிதம் எனப்படும். இன்று கணிதம், பொறியியல் என எல்லாத் துறைகளிலும் பயன்படும் இம்முறையின் தொடக்க கால வளர்ச்சியில் துகள் இயற்பியலுக்குப் பெரும் பங்கு உண்டு. கையால் செய்யும் கணக்கில் நேரும் பிழைகளே அதற்குக் காரணம்.

கையால் செய்த கணக்கு

எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் எதிர்பார்த்த மதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதன் காரணத்தை 1948 ஆம் ஆண்டில் ஜூலியன் ஷ்விங்கர் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கண்டது முதல் திருத்தம் மட்டுமே. அடுத்த திருத்தத்துக்கு ஏழு ஃபெயின்மான் வரைபடங்களைக் கணக்கிட வேண்டும். 1950 இல் ராபர்ட் கார்ப்லஸ், நார்மன் க்ரோல் ஆகியோர் அதைச் செய்து, அத்திருத்தத்தின் கெழு -2.973 என்றனர். ஏழு ஆண்டுகள் கழித்து, 1957 இல், ஆந்த்ரே பீட்டர்மான், சார்லஸ் சோமர்ஃபீல்டு ஆகிய இருவரும் தனித்தனியே கணக்கிட்டு, சரியான மதிப்பு -0.328 என்று நிறுவினர்.

இத்தகைய பிழைகள் எளிதில் நேரக்கூடியவை. இக்கணக்குகளில் காமா அணிகளின் பெருக்கலுக்குச் சுவடு காண வேண்டும். நான்கு அணிகள் இருந்தால் விடையில் 3 உறுப்புகள் வரும். ஆறு அணிகளுக்கு 15, எட்டுக்கு 105, பன்னிரண்டுக்கு 10,395 உறுப்புகள் வரும். இவற்றுள் ஒன்றன் குறி மாறினாலும் விடை தவறிவிடும்.

ஸ்கோன்ஸ்கிப்

1963 இல் நெதர்லாந்து இயற்பியலாளர் மார்ட்டினுஸ் வெல்ட்மான், மின்னூட்டம் கொண்ட திசையன் போசான்களின் மின்காந்தப் பண்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்கணக்கின் இடைநிலையில் சுமார் 50,000 உறுப்புகள் வந்தன. அதற்காகவே அவர் ஸ்கோன்ஸ்கிப் என்னும் நிரலை எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் முடிந்த முதல் வடிவம் ஐ.பி.எம். 7094 கணினியில் இயங்கியது. குழப்பத்தை ஒழித்துத் துப்புரவாக்குவதைக் குறிக்கும் டச்சுக் கடலோடிகளின் வழக்கே இப்பெயர். அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஆண்டனி ஹெர்ன் என்ற இயற்பியலாளரும், இதே தேவைக்காக, லிஸ்ப் மொழியில் ரெடியூஸ் என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார்.

1971

மெலிந்த விசையைக் கடத்தும் துகள்களுக்கு நிறை உண்டு. அவற்றை விளக்கும் கோட்பாட்டில் திருத்தங்களைக் கணக்கிட்டால் முடிவிலி விடைகளே வந்தன. அவற்றை முறைப்படி நீக்க முடியும் என்பதை, உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வெல்ட்மானின் மாணவராக இருந்த கெரார்டு ட்ஹூஃப்ட் 1971 இல் காட்டினார். அவருடைய இடைநிலை முடிவுகள் வெல்ட்மானின் நிரலைக் கொண்டு சரிபார்க்கப்பட்டன. இப்பணிக்காக இருவருக்கும் 1999 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பின்வந்த மென்பொருள்கள்

ஆம்ஸ்டர்டாமில் உள்ள நிக்ஹெஃப் நிறுவனத்தைச் சேர்ந்த யோஸ் வெர்மாசெரன் 1984 இல் ஃபார்ம் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கி, 1989 இல் வெளியிட்டார். ஸ்கோன்ஸ்கிப்பின் வாரிசாகக் கருதப்படும் இது கணினி நினைவகத்தில் அடங்காத பெருங்கோவைகளையும் கையாளும். 1988 இல் மேத்தமேட்டிகாவை வெளியிட்ட ஸ்டீவன் உல்ஃப்ராமும் தொடக்கத்தில் துகள் இயற்பியலாளரே. எலக்ட்ரான் கணக்கும் இக்கருவிகளோடு வளர்ந்தது. மூன்றாம் திருத்தத்துக்கு 72 வரைபடங்கள், நான்காவதற்கு 891, ஐந்தாவதற்கு 12,672. நான்காம் திருத்தத்தின் மதிப்பை 2017 இல் ஸ்டெஃபானோ லப்போர்ட்டா 1,100 இலக்கத் துல்லியத்தில் வெளியிட்டார்.

ஒரு கழித்தல் குறி

எனினும், மென்பொருள் வந்ததால் பிழைகள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் மியூவானின் காந்தத் திருப்புத்திறனை அளந்து, கோட்பாட்டு மதிப்பிலிருந்து அது 2.6 திட்ட விலக்கம் வேறுபடுவதாக அறிவித்தது. புதிய துகள்களுக்கான தடயம் என இதற்குப் பலர் விளக்கம் தந்தனர். அவ்வாண்டின் இறுதியில் மார்க் நெக்ட், ஆந்திரியாஸ் நைஃபெலர் ஆகியோர், கோட்பாட்டின் ஒரு சிறு பகுதிக்கு எதிர்க்குறி அல்ல, நேர்க்குறியே வர வேண்டும் என்று காட்டினர்.

அப்பகுதியை முன்னர்க் கணக்கிட்ட மசாஷி ஹயகாவா, தோய்ச்சிரோ கினோஷிட்டா இருவரும் தம் கணக்கை மீண்டும் ஆராய்ந்து, பிழையின் மூலத்தைக் கண்டு வெளியிட்டனர். நான்கு சுட்டுகள் கொண்ட லெவி-சிவிட்டா குறியீடுகள் இரண்டைப் பெருக்கும்போது, சார்பியலின் காலவெளியில் ஒரு கழித்தல் குறி தோன்றும். ஃபார்ம் மென்பொருளோ, எந்த வெளியாயினும் அக்குறி இல்லாமலேயே பெருக்குமாறு வரையறுக்கப்பட்டிருந்தது. மென்பொருள் தன் விதிப்படி சரியாகவே இயங்கியது. அந்த விதியைக் கவனிக்கத் தவறியவர்கள் அதைப் பயன்படுத்தியவர்களே. குறி திருத்தப்பட்டதும் வேறுபாடு 1.6 திட்ட விலக்கமாகக் குறைந்தது. இன்னொரு குழுவும் தனியே கணக்கிட்டு அதே தவறான குறியையே பெற்றிருந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

1957 இல் கைக்கணக்கின் பிழையும் 2001 இல் கணினிக் கணக்கின் பிழையும் ஒரே வழியில்தான் வெளிப்பட்டன. வேறொருவர் வேறு முறையில் அதே கணக்கை மீண்டும் செய்து பார்த்தார். ஆயிரக்கணக்கான உறுப்புகளைச் சலிப்பின்றிக் கையாளும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. அது எந்த விதிப்படி கையாளுகிறது என்று அறிந்து சரிபார்க்கும் பொறுப்பு இன்றும் ஆய்வாளருடையதே.