கல்விக்கூட வாயிலில் நின்றவர்கள்

சிங்கப்பூரில் புக்கிட் தீமா சாலையை அடுத்து, பழைய இராபிள்ஸ் கல்லூரி எழுந்த வளாகத்தில், மனாசே மேயர் என்னும் பெயரைத் தாங்கிய கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. மேயர் பாக்தாத்தில் பிறந்த யூத வணிகர். தம் சமூகத்தார் வழிபடுவதற்கென 1905இல் ஒரு தொழுகைக்கூடத்தை எழுப்பியவர். தம் மக்களுக்கென ஒரு வீட்டைக் கட்டிய அதே கைதான், எல்லா இனத்துப் பிள்ளைகளும் பயிலவிருந்த கல்லூரிக்கும் பொருளை அள்ளித் தந்தது. 'நம் வீடு', 'பொது வீடு' என்னும் இவ்விரண்டையும் ஒருசேரப் பேண இயலுமா என்பது, சிறுபான்மையராக வாழும் எந்த இனமும் என்றேனும் ஒருநாள் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை மிகக் கூர்மையாக எதிர்கொண்டவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்கலைக்கழகம் புகுந்த யூத மாணவர்கள். அவர்கள் அமைத்த சங்கங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டம் மறுத்த பல்கலைக்கழகங்கள்

சங்கம் அமைப்பதற்கு முன், மாணவன் கல்விக்கூடத்தின் உள்ளே நுழைந்தாக வேண்டும் அன்றோ? அந்த நுழைவே நெடுங்காலம் அவர்களுக்கு எளிதாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் சேர விரும்பியவர் ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். கேம்பிரிட்ஜ் சற்றே தளர்ந்தது. அங்கே எவரும் பயிலலாம், தேர்வும் எழுதலாம். ஆயின் பட்டம் பெறும் வேளையில் அதே கையொப்பம் வேண்டும் என்றது.

ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் என்னும் யூத இளைஞர் 1837ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். கையொப்பமிட மறுத்ததால் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. பின்னர் அவர் உலகம் போற்றும் கணித மேதையானார். 1871இல் நாடாளுமன்றம் சமயத் தகுதித் தடையை நீக்கிய பிறகே, 1872இல், கேம்பிரிட்ஜ் அவருக்குரிய பட்டத்தை அளித்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது அவருக்கு ஏறத்தாழ ஐம்பத்தெட்டு வயது!

இதற்கிடையே, சமயம் பாராத ஒரு கல்லூரி வேண்டும் எனக் கருதியோர் 1826இல் இலண்டனில் ஒன்றை நிறுவினர். அம்முயற்சிக்குத் துணைநின்றவர்களுள் ஐசக் லயன் கோல்ட்ஸ்மிட் என்னும் யூதச் செல்வரும் ஒருவர். அடைத்த கதவைத் தட்டிக்கொண்டே, மற்றொரு கதவைக் கட்டியெழுப்பும் இவ்வழக்கத்தை இவ்வரலாறு நெடுகிலும் நாம் காணலாம்.

வியன்னாவில் பிறந்த சங்கம்

மத்திய ஐரோப்பாவில் நிலைமை வேறு. ஆஸ்திரியப் பேரரசில் 1867இல் யூதர்க்குச் சம உரிமை வழங்கப்பட்டது. அதன் பின் அவர்கள் பிள்ளைகள் பெருந்திரளாகப் பல்கலைக்கழகம் புகுந்தனர். 1880களில் வியன்னா மருத்துவப் பிரிவில் ஏறத்தாழ ஐவருள் இருவர் யூதராக இருந்தனர். சட்டத்தின் கதவு திறந்தது. சக மாணவரின் நெஞ்சக் கதவோ மூடத் தொடங்கியது. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தியோடோர் பில்ரோத், கிழக்குப் பகுதிகளிலிருந்து வந்து பயின்ற ஏழை யூத மாணவர்களை இகழ்ந்து 1876இல் ஒரு நூலில் எழுதினார். பல்கலைக்கழகத்தில் கலவரம் மூண்டது. தம் கருத்துக்கு வருந்திய அப்பேராசிரியர் பிற்காலத்தில் யூத வெறுப்பை எதிர்க்கும் சங்கத்தில் சேர்ந்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆனால் அவர் இட்ட தீ அவரோடு அணையவில்லை. ஜெர்மானிய மாணவர் சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக யூதர்களை வெளியேற்றின.

இச்சூழலில்தான் 1882இல் நேதன் பிர்ன்பாம் முதலிய இளைஞர் சிலர் ஒன்றுகூடி 'கதிமா' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். எபிரேய மொழியில் அச்சொல்லுக்குக் 'கிழக்கு நோக்கி' என்றும் 'முன்னோக்கி' என்றும் இரு பொருள் உண்டு. பெயரைத் தேர்ந்து தந்தவர் எபிரேய எழுத்தாளர் பெரெட்ஸ் ஸ்மோலன்ஸ்கின். உறுப்பினருள் பெரும்பாலோர் கலீசியா, உருமேனியா, உருசியா ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். தம் மொழியையும் வரலாற்றையும் கற்பதும், பிற இனத்தாரோடு கரைந்து மறைவதே வழி என்னும் எண்ணத்தை எதிர்ப்பதும் அவர்களுடைய குறிக்கோள்களாக இருந்தன. வியன்னாவில் வாழ்ந்த வசதி படைத்த யூதக் குடும்பங்களே அவர்களை முதலில் ஏளனம் செய்தன. 'நாம் ஆஸ்திரியர்; நமக்கெதற்குத் தனிச் சங்கம்?' என்பது அவர்களின் வாதம். சிறுபான்மையரின் சங்கம் எதுவாயினும், அதற்கு எதிரான முதற்குரல் சொந்த வீட்டிலிருந்தே எழுவது இயல்புதானே.

1896இல் ஜெர்மானிய மாணவர் சங்கங்கள் வைட்ஹோஃபன் தீர்மானம் எனப்படும் முடிவை எடுத்தன. யூதனுக்கு மானம் என்பதே இல்லை. ஆகவே அவனை இகழ்ந்தாலும் வாட்போருக்கு அழைக்கும் உரிமை அவனுக்கு இல்லை என்பது அதன் சாரம். வாட்போர் என்பது நமக்கு விளையாட்டாகவும் வெறித்தனமாகவும் தோன்றலாம். அக்கால மாணவ உலகிலோ, ஒருவன் மனிதருள் மனிதனாக மதிக்கப்படுகிறான் என்பதற்கு அதுவே அடையாளம். கதிமாவின் உறுப்பினர் அதற்கு முன்பே வாளேந்தப் பழகியிருந்தனர். தீர்மானத்துக்குப் பின்னும் அதைக் கைவிடவில்லை. எதிரியை வெல்வதைக் காட்டிலும், தமக்கும் மானம் உண்டு என நிலைநாட்டுவதே அவர்களுக்குப் பெரிதாயிற்று. சிக்மண்ட் ஃபிராய்டின் மகன் மார்ட்டின் இச்சங்கத்தில் சேர்ந்தார். தந்தையும் பிற்காலத்தில் அதன் சிறப்பு உறுப்பினரானார்.

தியோடோர் ஹெர்சல் என்னும் சட்ட மாணவர் அதே வியன்னாவில் ஆல்பியா என்னும் ஜெர்மானியச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். அங்கு ஓங்கிய யூத வெறுப்பைப் பொறாது 1883இல் விலகினார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் யூதர்க்கெனத் தனி நாடு வேண்டும் என்று அவர் நூல் எழுதியபோது, ஊரார் பலரும் நகைத்தனர். ஆர்வத்தோடு அவர் வாயிலுக்கு வந்தவர்கள் கதிமா மாணவர்களே.

பிரிந்த பாதைகள்

எல்லா யூத மாணவரும் ஒரே கருத்தினர் அல்லர். 1886இல் பிரெஸ்லாவ் நகரில் தோன்றிய 'வியாட்ரினா' என்னும் சங்கத்தார் தம்மை ஜெர்மானியராகவே கருதினர். இகழ்ச்சிக்குத் தலைகுனியாத, தன்மானமுள்ள ஜெர்மானியக் குடிமகனாக யூதன் வாழ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இவ்வழி நின்ற சங்கங்கள் 1896இல் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. தனி நாட்டுக் கொள்கையினர் வேறு அணியாகத் திரண்டனர். இரு சாராரும் ஏடுகளிலும் மேடைகளிலும் கடுமையாக மோதிக்கொண்டனர்.

உருசியாவிலோ 1887இல் அரசே அளவுகோல் விதித்தது. யூதர் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட பகுதியில் மாணவருள் நூற்றுக்கு 10 பேர், அதற்கு வெளியே 5 பேர், தலைநகரிலும் மாஸ்கோவிலும் 3 பேர் மட்டுமே யூதராக இருக்கலாம். இடம் கிட்டாத இளைஞர்கள் பெர்லின், பெர்ன், ஜெனீவா என ஊர்தேடிச் சென்றனர். 1889இல் பெர்லினில் அவர்கள் அமைத்த உருசிய யூத அறிவியல் கழகத்தில் இணைந்தவர்களுள் வேதியியல் மாணவர் சைம் வெய்ஸ்மனும் ஒருவர். 1949இல் இசுரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர் இவரே. கதவை அடைத்தவர்கள், தாம் விரட்டியவர்களைத் தலைவர்களாக்கும் பயிற்சிக்கூடத்தையும் தம்மையறியாமல் அமைத்துக் கொடுத்தார்கள் எனலாம்.

அமெரிக்காவில் இரு விளக்குகள்

அமெரிக்காவில் வாளுக்கு வேலை இல்லை. அங்குத் தேவைப்பட்டது அறிவு விளக்கு. 1906இல் ஹார்வர்டில் மாணவர் சிலர் 'மெனோரா சங்கம்' தொடங்கினர். மெனோரா என்பது எருசலேம் ஆலயத்தில் ஒளிர்ந்த கிளை விளக்கு. முன்னின்று உழைத்தவர் ஹென்றி ஹர்விட்ஸ். யூத வரலாறும் இலக்கியமும் பல்கலைக்கழகத்தில் ஆராயத்தக்க அறிவுத்துறைகள் என மெய்ப்பிப்பதே அவர்கள் நோக்கம். சமயச் சார்பின்றி எவரும் சேரலாம். 1915இல் அவர்கள் தொடங்கிய இதழ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. மாணவர் தொடங்கிய இதழ்கள் எத்தனை நாள் உயிர்வாழும் என்பதை அறிந்த நமக்கு, இதன் அருமை விளங்கும்.

அதே ஹார்வர்டில் 1922ஆம் ஆண்டு யூத மாணவர் நூற்றுக்கு இருபதுக்கு மேல் பெருகினர். தலைவர் லாரன்ஸ் லோவல் அந்த எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட முனைந்தார். கறுப்பின மாணவரை முதலாண்டு விடுதிகளில் சேர்க்க மறுத்தவரும் இவரே. வெளிப்படையான வரம்பைப் பேராசிரியர் குழு ஏற்கவில்லை. ஆயினும் 'குணநலன்', 'ஊர்வாரிப் பங்கீடு' என்னும் அழகிய சொற்களின் மறைவில் அது சில ஆண்டுகளிலேயே நடைமுறைக்கு வந்தது.

இக்காலத்தில்தான் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. எட்வர்டு சான்சி பால்ட்வின் என்னும் கிறித்தவப் பேராசிரியர் அங்கே விவிலிய இலக்கியம் கற்பித்து வந்தார். தம் வகுப்பில் அமர்ந்த யூத மாணவர்கள் தம் முன்னோர் நூல்களைப் பற்றி ஏதும் அறியாதிருப்பது கண்டு அவர் வருந்தினார். அவர் தூண்டுதலாலும், உள்ளூர் வணிகர் ஐசக் கூனின் உதவியாலும், 1923இல் பெஞ்சமின் ஃபிராங்கல் என்னும் இளம் யூத குரு அம்மாணவர்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். பண்டைய அறிஞர் ஒருவரின் பெயரால் அது 'ஹில்லெல்' எனப்பட்டது. வழிபாடு, வகுப்பு, நாடகம், விருந்து, அறவுரை, ஆறுதல் ஆகியன யாவும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. சமய மரபுக்கேற்ற உணவின்றித் தவித்தவனுக்கும், ஓய்வுநாளைத் தனியே கழித்தவனுக்கும் அது வீடாயிற்று.

ஃபிராங்கல் 1927இல் முப்பது வயதளவிலேயே மறைந்தார். வரலாற்று விரிவுரையாளர் ஏபிராம் சாக்கர் பொறுப்பேற்று அவ்வமைப்பை நாடெங்கும் வளர்த்தார். 1948இல் தோன்றிய பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் அவரே. பிற நிறுவனங்கள் வரம்பு விதித்த காலத்தில் யூத சமூகம் நிறுவிய அப்பல்கலைக்கழகம், எல்லா இனத்தார்க்கும் தன் கதவைத் திறந்தே வைத்தது.

நின்றுகொண்டே கேட்ட பாடம்

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. ஜெர்மனியில் 1933 ஏப்ரலில் வந்த சட்டம், புதிதாகச் சேரும் மாணவருள் யூதர் நூற்றுக்கு ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது என்றது. 1938இல் கதிமா கலைக்கப்பட்டது.

போலந்தில் நடந்தது வேறொரு வகைக் கொடுமை. 1935இல் இலுவூவ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் யூத மாணவர்க்கெனத் தனி இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. 1937இல் கல்வி அமைச்சு இதற்கு இசைவளிக்கவே, வழக்கம் பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. மாணவர் அடையாளப் புத்தகத்தில், அமர வேண்டிய பக்கத்தைக் குறிக்கும் முத்திரை குத்தப்பட்டது.

யூத மாணவர்கள் என்ன செய்தனர்? அவ்விருக்கைகளில் அவர்கள் அமரவில்லை. வகுப்பின் பின்புறம் நின்றுகொண்டே பாடம் கேட்டனர். மணிக்கணக்கில், மாதக்கணக்கில் நின்றனர். நின்றதற்காக அடியும் வாங்கினர். போலந்து மாணவர் சிலரும் பேராசிரியர் சிலரும் அவர்களோடு நின்றனர். இலுவூவ் பல்கலைக்கழகத் தலைவர் ஸ்டானிஸ்லாவ் குல்சின்ஸ்கி, இப்பிரிவினைக்கு ஆணை பிறப்பிப்பதைக் காட்டிலும் பதவி துறப்பதே மேல் என 1938இல் விலகினார். 1920களின் தொடக்கத்தில் போலந்துப் பல்கலைக்கழகங்களில் நால்வருள் ஒருவராக இருந்த யூத மாணவர், போர் மூளும் முன் பன்னிருவருள் ஒருவராகச் சுருங்கினர். நின்று பாடம் கேட்டவர்களுள் பெரும்பாலோர் அடுத்து வந்த பேரழிவில் மாண்டுபோயினர்.

அந்த இலுவூவில் முன்னர்ப் பயின்று வியன்னா சென்றவர் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட். அங்கே ஏழை யூத மாணவர்க்கு விடுதி நடத்த உழைத்தார். 1924இல் உலக யூத மாணவர் ஒன்றியம் உருவாக முன்னின்றார். ஐன்ஸ்டைன் அதன் மதிப்புறு தலைவரானார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியரான லாட்டர்பாக்ட், நூரம்பர்க் விசாரணையில் 'மானிட குலத்துக்கு எதிரான குற்றம்' என்னும் கருத்து இடம்பெற வழிவகுத்தார். தன் இனத்து மாணவனுக்குப் படுக்க இடம் தேடியவர், இறுதியில் எல்லா இனத்து மனிதனுக்கும் சட்டத்தில் ஓர் இடம் தேடித் தந்தார்.

வாயிலும் கூரையும்

பண்டைய அறிஞர் ஹில்லெலைப் பற்றி யூதர் வழங்கும் கதை ஒன்று உண்டு. அவர் நாள்தோறும் கூலிவேலை செய்து, ஈட்டியதில் பாதியைக் கல்விக்கூடத்து வாயிற்காவலனுக்குக் கட்டணமாகத் தருவார். ஒருநாள் வேலை கிட்டவில்லை. காவலன் உள்ளே விடவில்லை. அவர் கூரைமேல் ஏறி, அங்கிருந்த திறப்பின்மீது படுத்து, கீழே நடந்த பாடத்தைக் கேட்டார். இரவெல்லாம் பனி பொழிந்து அவரை மூடியது. விடியலில், அறை இருண்டிருப்பது ஏன் என அண்ணாந்து பார்த்த ஆசிரியர்கள் ஓர் மனித உருவைக் கண்டனர். ஓடிச்சென்று இறக்கி, நெருப்பருகே கிடத்தினர். அன்று ஓய்வுநாள், நெருப்பு மூட்டலாகாது. இவருக்காக ஓய்வுநாள் விதியையும் மீறலாம் என்றனர் அவர்கள்.

சில்வெஸ்டர் முதல் இலுவூவ் மாணவர் வரை எல்லாரையும் இக்கதையில் காண்கிறோம். தம்மை ஒதுக்கிய உலகைத் தாமும் ஒதுக்கிவிடுவதற்காக அவர்களுள் சிறந்தவர்கள் சங்கம் அமைக்கவில்லை. பொது வகுப்பறைக்குள் தலைநிமிர்ந்து செல்வதற்கே அமைத்தார்கள். தன் வீட்டில் விளக்கேற்றத் தெரிந்தவனே பொது மண்டபத்துக்கும் ஒரு விளக்கை ஏந்திச் செல்ல வல்லவன். சங்கம் சுவராகவும் அமையலாம், படிக்கட்டாகவும் அமையலாம். அதைத் தீர்மானிப்பவர்கள் அதில் கூடும் இளைஞர்களே. வாயிலை அடைப்பவர்களின் பெயர்களை உலகம் மெல்ல மறந்துவிடுகிறது. கூரைமீது பனியில் கிடந்தவனின் பெயரோ, நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்களில் மாணவர் இல்லங்களின் முகப்பில் இன்றும் நிலைத்திருக்கிறது.