பாயிண்ட் ஒன் செவன் செவனா, பாயிண்ட் டூ டூவா?

இளவேனில் வாலறிவன் 1999-இல் கடலூரில் பிறந்தவர், வளர்ந்தது அகமதாபாத்தில். 2019-இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்றார். நம் மாவட்டத்துப் பெண் என்று கேள்விப்பட்டு, நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிள்ளை தனக்கும் ரைஃபிள் வேண்டும் என்று கேட்டால், பெற்றோர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, .177 ஏர் ரைஃபிள். மற்றது, 50 மீட்டர் போட்டிக்கான .22 ரைஃபிள். ஓய்வுபெற்ற ராணுவத்தினர் வங்கிக் காவல் வேலைக்காக வாங்கும் இஷாப்பூர் .315-ஐ இதில் சேர்க்கவில்லை. அதன் தேவை வேறு.

விலையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் காலிபரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விலை, சட்டம், பயிற்சி எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். .177 என்பது 4.5 மில்லிமீட்டர். அரை கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள ஈய பெல்லட், வினாடிக்கு 170 மீட்டர் அளவில் கிளம்புகிறது. ஆற்றல் எட்டு ஜூலுக்குள். .22 என்பது 5.6 மில்லிமீட்டர். 2.6 கிராம் குண்டு வினாடிக்கு 320 மீட்டருக்கு மேல் போகிறது. ஆற்றல் சுமார் 140 ஜூல். தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். நெய்வேலியில் ஒன்றரை மைல் என்றால் எத்தனை வட்டங்கள், எத்தனை பள்ளிகள் என்று எண்ணிப் பாருங்கள். மண்மேடு கட்டிய, அனுமதி பெற்ற ரேஞ்சைத் தவிர வேறெங்கும் .22-ஐச் சுட முடியாது. ஏர் ரைஃபிளுக்கு நீளமான ஒரு ஹாலும், பெல்லட்டைத் தடுக்கும் இரும்புப் பெட்டியும், யாரும் குறுக்கே வராத ஏற்பாடும் போதும். எட்டு ஜூல்தானே என்று அதை விளையாட்டுச் சாமானாக நினைக்கக் கூடாது. ஒரு கண்ணைப் போக்க அது போதும்.

சட்டமும் இந்த எண்களைத்தான் பார்க்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். .22-க்கு உரிமம் கட்டாயம். 21 வயது நிறைய வேண்டும். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மனு, பிறகு போலீஸ் விசாரணை. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பெயரில் அது நடக்காது. நெய்வேலிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குவார்ட்டர்ஸ் முகவரியில் உரிமம் எடுப்பவர், பணி ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யும்போது, உரிமத்திலும் முகவரியை மாற்றியாக வேண்டும்.

இனி செலவு. ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து வரும் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டையர் போன்ற போட்டி ஏர் ரைஃபிள்கள் லட்சக்கணக்கில் போகும். தரமான .22-ம் அப்படித்தான். உள்நாட்டில் ப்ரிசிஹோல் போன்ற நிறுவனங்கள் செய்யும் ஏர் ரைஃபிள்கள் இவற்றைவிட மிகவும் மலிவு. தொடக்கப் பயிற்சிக்கு அவை போதும். .22-இல் அப்படி ஒரு மலிவான தொடக்கப்படி இல்லை. ஆனால் வாங்கும் விலையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது தினச் செலவு. போட்டி என்பது 60 குண்டுகள். 500 பெல்லட் கொண்ட ஒரு டப்பா, எட்டு முழுப் பயிற்சிகளுக்கு வரும். .22 தோட்டாப் பெட்டியில் இருப்பதோ 50. ஒரு போட்டிக்கே இரண்டாவது பெட்டியை உடைக்க வேண்டும். போட்டித் தரத்து ஈலி, லாபுவா தோட்டாக்கள் இறக்குமதி. எத்தனை வாங்கலாம் என்பதற்கும் உரிமத்தில் வரம்பு உண்டு. ஒரே கம்பெனித் தோட்டாவில்கூட லாட்டுக்கு லாட் இலக்கில் குண்டுகள் விழும் பரப்பு விரியும், சுருங்கும். தேர்ந்த வீரர்கள் தங்கள் பேரலுக்குப் பொருந்தும் லாட்டைச் சுட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

உதிரிபாகத்தில் மட்டும் .22 முந்துகிறது. போல்ட், ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர் என்று தேயும் பாகங்கள் குறைவு. பேரல் பல்லாயிரம் குண்டுகளுக்குத் தாங்கும். மாற்ற நேர்ந்தால்தான் தொல்லை: சட்டத்தின் கண்ணில் பேரலும் ஆயுதமே, உரிமம் உள்ள கடை வழியாகத்தான் வர வேண்டும். ஏர் ரைஃபிளின் கதை வேறு. அதன் உயிர் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டரில் இருக்கிறது. பழைய ரைஃபிள் விலைக்கு வந்தால், பட் பகுதியையோ பேரலையோ தடவிப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரைக் கழற்றி, அதன் உடலில் பொறித்திருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் படியுங்கள். பத்து ஆண்டு கடந்தது போட்டிக்கு ஆகாது. புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும். பிறகு காற்று நிரப்பி, கேஜ் முள் நிற்கும் இடத்தைக் குறித்து, ஒரு ராத்திரி அப்படியே வைக்கச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் ஓ-ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றைக் கைப்பம்பால் அடித்தால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். ஈரம் பிரிக்கும் வடிகட்டி இல்லாத பம்பை வாங்கவே வேண்டாம். சுரங்கத்துப் பக்கக் கரித்தூசி நிரப்பும் முனையில் ஒட்டாமல் மூடியும் இருக்க வேண்டும்.

பத்து மீட்டர்தானே, எளிதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏர் ரைஃபிள் இலக்கின் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். 50 மீட்டரில் அது 10.4 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு தொட்டாலே பத்து என்பதால், ஏர் ரைஃபிளில் குண்டின் மையம் இரண்டரை மில்லிமீட்டர் வரை விலகலாம், .22-இல் எட்டு மில்லிமீட்டர் வரை. தூரத்தோடு ஒப்பிட்டால் .22-இல்தான் இடம் குறைவு. வெளிக்காற்றின் தொல்லை அதற்கு மேல். ஆனால் மெதுவான பெல்லட் பேரலைத் தாண்ட நேரம் எடுத்துக்கொள்கிறது. டிரிகரை இழுத்த பின்னும் உடல் அசையாமல் நிற்கக் கற்றுக்கொடுப்பது அதுதான். அந்தப் பழக்கம் பிறகு .22-க்கும் உதவும். ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவின் 2008 தங்கமும் ககன் நாரங்கின் 2012 வெண்கலமும் ஏர் ரைஃபிளில் வந்தவை. 50 மீட்டரில் ஸ்வப்னில் குசாலே 2024-இல் வெண்கலம் வாங்கினார்.

ஆகவே நெய்வேலிக் குடும்பத்துக்கு என் பரிந்துரை .177. முதல் வருடம் உள்நாட்டு ரைஃபிளோ கிளப் ரைஃபிளோ போதும். மிச்சப் பணத்தை பெல்லட்டுக்கும் நல்ல ஜாக்கெட்டுக்கும் வையுங்கள். பிள்ளை வளரும் வயதில் பட் நீளமும் கன்னக் கட்டையும் நகரக்கூடிய மாடலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடமே ரைஃபிள் தோளுக்குப் பொருந்தாது. .22 மீது ஆசை வந்தால், சென்னை, திருச்சி, கோவை ரைஃபிள் கிளப்புகளில் பயிற்சியாளர் மேற்பார்வையில் கிளப் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க வழி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சொந்தமாக வாங்குவது 21 வயதுக்குப் பிறகு, பக்கத்தில் ஒரு 50 மீட்டர் ரேஞ்ச் உறுதியான பிறகு.