நீரிழிவுசார் மனவுளைச்சல் மதிப்பீடு

நீரிழிவுசார் மனவுளைச்சல் மதிப்பீடு என்பது, நீரிழிவு நோயையும் அதன் அன்றாடப் பராமரிப்பையும் சுமப்பதனால் ஒருவருக்கு உண்டாகும் கவலை, அச்சம், சலிப்பு, குற்றவுணர்வு ஆகியவற்றை வினாத்தாள் வாயிலாகவும் உரையாடல் வாயிலாகவும் அறிந்து அளக்கும் முறையாகும். சிறுவர், இளையோர் ஆகியோரைப் பொறுத்தவரை நோயாளியின் உளைச்சலுடன் பெற்றோரின் உளைச்சலும் தனியே அளக்கப்படுகிறது. இது மனநோயைக் கண்டறியும் சோதனை அன்று. நோய்ச்சுமை எந்த இடத்தில் அழுத்துகிறது என்பதை மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் காட்டுவதே இதன் நோக்கம். இக்கட்டுரை இளையோரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் இம்மதிப்பீடு செய்யப்படும் விதத்தை, நெய்வேலி நகரியம் போன்ற தமிழ்நாட்டுத் தொழில்நகரச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பின்னணி

இளம் வயதில் தோன்றும் நீரிழிவில் குறிப்பிடத்தக்கது வகை 1 ஆகும். இதில் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. எனவே நோயாளி வாழ்நாள் முழுவதும் இன்சுலினை வெளியிலிருந்து பெறவேண்டும். 1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்படும் வரை இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்சுலின் உயிரைக் காத்தது. ஆயினும் ஓயாத வேலை ஒன்றையும் அது குடும்பத்தின் கையில் கொடுத்தது.

நாளொன்றுக்குப் பலமுறை ஊசி போடுதல், விரல் நுனியில் குத்திக் குருதிச் சர்க்கரை பார்த்தல், உண்ணும் சோற்றையும் இட்லியையும் கணக்கிடுதல், விளையாட்டுக்கு முன்னும் பின்னும் அளவை மாற்றுதல் ஆகியன இவ்வேலையில் அடங்கும். இன்சுலின் தவறினால் சில நாட்களுக்குள், சிலபோது ஒரே நாளில், கீட்டோ அமிலத்தேக்கம் என்னும் உயிருக்கு ஊறு செய்யும் நிலை உண்டாகலாம். இன்சுலின் மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். இவ்விரு ஆபத்துகளுக்கும் இடையே நாள்தோறும் நடப்பதனால் விளையும் மனநிலையே நீரிழிவுசார் மனவுளைச்சல் எனப்படுகிறது. வகை 1 நீரிழிவுடைய பதின்ம வயதினருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இவ்வுளைச்சல் மிகுந்து காணப்படுவதாக 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று தெரிவித்தது.

இந்தியாவில் 25 வயதுக்குள் நீரிழிவு தோன்றியோரைப் பதிவு செய்யும் பணியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006ஆம் ஆண்டில் தொடங்கியது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இதில் பங்கேற்ற மையங்களுள் ஒன்று. அக்கழகம் 2022 சூன் மாதத்தில் வகை 1 நீரிழிவுக்கான வழிகாட்டி நெறிகளையும் வெளியிட்டது.

மனவுளைச்சலும் மனச்சோர்வும்

இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதுண்டு. மனச்சோர்வு என்பது வாழ்வின் எல்லாத் துறைகளையும் தழுவும் ஊக்கமின்மையாகும். உறக்கம், பசி, கவனம், மகிழ்ச்சி அனைத்தும் அதில் பாதிக்கப்படும். நீரிழிவுசார் உளைச்சலோ நோயோடும் அதன் பராமரிப்போடும் கட்டுண்டது. நண்பர்களுடன் மகிழ்ந்து மட்டைப்பந்து ஆடும் மாணவன் ஒருவன், ஊசியைக் கண்டவுடன் முகம் சுளித்து அறையைப் பூட்டிக்கொள்வானாயின் அவனிடம் இருப்பது பெரும்பாலும் உளைச்சலாகும். இருவகையும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலும் கூடும்.

இவ்வேறுபாடு நடைமுறையில் முதன்மையானது. மனச்சோர்வுக்கான மருந்து, பராமரிப்புச் சுமையைக் குறைக்காது. மறுபுறம், உண்மையான மனச்சோர்வை வெறும் சலிப்பு என விட்டுவிடுதல் உயிருக்கே கேடாக முடியலாம். எனவே உளைச்சல் வினாத்தாளுடன் மனச்சோர்வு வினாத்தாளும் தனியே தரப்படுகிறது.

அளவுகோல்களின் வரலாறு

1995ஆம் ஆண்டில் வில்லியம் பொலான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் 'நீரிழிவில் இடர்ப்பகுதிகள்' எனப் பொருள்படும் பெயருடைய, சுருக்கமாக 'பெய்டு' எனப்படும், 20 வினாக்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். இது வயது வந்தோருக்கானது. 2005ஆம் ஆண்டில் 17 வினாக்கள் கொண்ட நீரிழிவு உளைச்சல் அளவுகோல் வெளிவந்தது. இது உளைச்சலை உணர்வுச்சுமை, மருத்துவர் தொடர்பானது, பராமரிப்பு முறை தொடர்பானது, உறவினர் நண்பர் தொடர்பானது என நான்காகப் பிரித்தது.

இளையோரின் இடர்கள் வேறானவை என்பது உணரப்பட்ட பின்னர்ப் பின்வரும் அளவுகோல்கள் உருவாயின:

* பதின்ம வயதினருக்கான பெய்டு (2011) - 26 வினாக்கள். பின்னர் இது 14 வினாக்களாகச் சுருக்கப்பட்டது.
* பெற்றோருக்கான திருத்திய பெய்டு (2012) - 18 வினாக்கள்.
* சிறார் பெய்டு (2015) - 8 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு, 20 வினாக்கள்.
* பெற்றோர் நீரிழிவு உளைச்சல் அளவுகோல் (2016) - பதின்ம வயதினரின் பெற்றோருக்கு, 20 வினாக்கள்.

இவையன்றித் தாழ்சர்க்கரை அச்சத்தை மட்டும் அளக்கும் வினாத்தாள் ஒன்று 1987 முதல் வழக்கிலுள்ளது. அதற்குச் சிறுவர் வடிவமும் பெற்றோர் வடிவமும் உண்டு.

மதிப்பெண் கணக்கிடும் முறை

வயது வந்தோருக்கான பெய்டு அளவுகோலில் ஒவ்வொரு வினாவுக்கும் 0 (இடர் இல்லை) முதல் 4 (கடும் இடர்) வரை மதிப்பெண் உண்டு. இருபது மதிப்பெண்களையும் கூட்டி 1.25 ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரையான எண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒருவரின் கூட்டுத்தொகை 32 எனில் அவருடைய மதிப்பெண் 40 ஆகும். 40 அல்லது அதற்கு மேற்பட்டது கடும் உளைச்சலாகக் கொள்ளப்படுகிறது. 17 வினா அளவுகோலில் 1 முதல் 6 வரையான மதிப்பெண்களின் சராசரி எடுக்கப்படும். கூட்டுத்தொகை 51 எனில் சராசரி 3 ஆகும். சராசரி 2க்குக் கீழ் எனில் உளைச்சல் குறைவு. 2 முதல் 2.9 வரை நடுத்தரம். 3ம் அதற்கு மேலும் மிகுதி.

சிறுவர்க்கான அளவுகோல்களில் இத்தகைய எல்லைக்கோடுகள் குறித்து ஒருமித்த முடிவு இல்லை. ஆதலால் மொத்த எண்ணைக் காட்டிலும், எந்த வினாவுக்கு உயர்ந்த மதிப்பெண் இடப்பட்டது என்பதும், முந்தைய முறையிலிருந்து அது எவ்வாறு மாறியது என்பதும் கூர்ந்து நோக்கப்படுகின்றன.

பெற்றோரின் உளைச்சல்

சிறு குழந்தைக்கு நோய் கண்டால் பராமரிப்பு முழுவதும் பெற்றோரின் வேலையாகிறது. இரவில் குழந்தையின் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்னும் அச்சத்தால் தாய் பலமுறை எழுந்து பார்ப்பதுண்டு. அச்சம் மிகுந்த சில பெற்றோர், இரவு நலமாகக் கழியவேண்டும் என்று சர்க்கரையை வேண்டுமென்றே உயர்ந்த நிலையில் வைத்துவிடுகின்றனர். இது நாளடைவில் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைப் பாதிக்கும். பெற்றோரின் உளைச்சல் அவர்களோடு நின்றுவிடாமல் குழந்தையின் உடல்நலத்தையும் தொடுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

குழந்தை வளர்ந்தபின் இடர் வேறு உருக் கொள்கிறது. பொறுப்பை மகனிடமோ மகளிடமோ எப்போது ஒப்படைப்பது, கண்டிப்பது எவ்வளவு, விடுவது எவ்வளவு என்பன பூசலுக்குக் காரணமாகின்றன. 2016ஆம் ஆண்டின் அளவுகோல் இதனால் பெற்றோரின் சொந்த உளைச்சல், பிள்ளையின் பராமரிப்பு பற்றிய கவலை, பிள்ளையுடனான உறவு, மருத்துவக் குழு பற்றிய மனக்குறை ஆகிய நான்கையும் தனித்தனியே கேட்கிறது.

மதிப்பீடு நடைபெறும் விதம்

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நெறிகள், 7 அல்லது 8 வயதிலிருந்து உளைச்சலைக் கேட்டறியத் தொடங்கலாம் என்கின்றன. பதின்ம வயதை எட்டும்போது, பெற்றோர் உடனில்லாமல் மருத்துவக் குழுவினருடன் தனியே பேசுவதற்கு இளையோருக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

வழக்கமாகப் பிள்ளையும் பெற்றோரும் வெவ்வேறு இடத்தில் அமர்ந்து வினாத்தாளை நிரப்புகின்றனர். இதற்குச் சில மணித்துளிகளே ஆகும். இருவர் விடைகளும் வேறுபடுவது இயல்பு. 'என் மகன் எதையும் பொருட்படுத்துவதில்லை' என்று தந்தை கருதும் வேளையில், மகனோ தன்னால் வீட்டுக்குச் செலவு மிகுகிறது என்ற குற்றவுணர்வை உயர்ந்த மதிப்பெண்ணால் காட்டியிருக்கலாம். மருத்துவர் இவ்வேறுபாட்டையே பேச்சின் தொடக்கமாகக் கொள்கிறார். தன்னைத் தானே ஊறு செய்துகொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பவேண்டும். இன்சுலின் கையிலுள்ள ஒருவரிடம் இது கூடுதல் விழிப்புக்குரியது. இத்தகைய நிலையில் இரகசியம் காத்தல் என்னும் விதி பொருந்தாது என்பதும் முன்னரே பிள்ளையிடம் சொல்லப்படுகிறது.

தமிழில் பயன்படுத்துதல்

ஆங்கில வினாத்தாளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. ஒருவர் தமிழாக்க, மற்றொருவர் அதனை மூலத்தைப் பாராமல் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது பொதுவான முறை. அதன்பின் சில குடும்பங்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் பொருளை எவ்வாறு கொள்கின்றனர் என்று அறியவேண்டும். நோக்கவேண்டிய சில:

* உணவுத் தடை பற்றிய வினா, பொங்கல், திருமணப் பந்தி, கோயில் பிரசாதம், நோன்பு முதலியவற்றின்போது எழும் சங்கடத்தையும் உட்கொள்ளவேண்டும்.
* பராமரிப்பவர் எப்போதும் பெற்றோர் அல்லர். பாட்டியோ அத்தையோ ஊசி போடும் வீட்டில் அவர்களிடமும் கேட்கவேண்டும்.
* பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் வருங்காலத் திருமணம் பற்றிய கவலையும், நோயை அயலாரிடம் மறைத்தலும் பெரும் சுமையாகலாம். மூல வினாத்தாள்களில் இதற்கு இடம் குறைவு.
* எழுதப் படிக்க இயலாத பெற்றோருக்கு வினாக்களை வாசித்துக் காட்டுவோர், விடையைத் தூண்டாமல் வாசிக்கப் பயிற்சி பெறவேண்டும்.

நெய்வேலிச் சூழல்

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் சுற்றி எழுந்த நகரியமாகும். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவு செய்யப்பட்டது; 2016 முதல் அது என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்குகிறது. நவம்பர் 14 இந்தியாவில் குழந்தைகள் நாள். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரடெரிக் பாண்டிங் பிறந்த அந்நாளே 1991 முதல் உலக நீரிழிவு நாளாகவும் கொண்டாடப்படுகிறது.

எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்பு, பள்ளிகள், நிறுவனத்தின் பொது மருத்துவமனை ஆகியன ஒரே ஊரில் அமைந்திருப்பது இங்குள்ள வசதி. மருத்துவமனையும் பள்ளியும் ஒன்றையொன்று எளிதில் தொடர்புகொள்ளக்கூடிய இத்தகைய நகரியம், உளைச்சல் மதிப்பீட்டைத் தொடங்குவதற்கு ஏற்ற இடமாகும். எனினும் தொழில்நகருக்கே உரிய இடர்களும் உண்டு.

முதலாவது, முறைப்பணி. சுரங்கமும் மின்நிலையமும் இரவும் பகலும் இயங்குவதால் தந்தையின் வேலைநேரம் மாறிக்கொண்டே இருக்கும். உணவுவேளையும் ஊசிவேளையும் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழும். தாயிடம் மட்டும் வினாத்தாள் தரப்பட்டால், இரவுப்பணியில் இருந்துகொண்டு வீட்டை நினைத்துக் கவலையுறும் தந்தையின் உளைச்சல் பதிவாகாது. இருவருக்கும் தனித்தனித் தாள் தருவதும், முறைப்பணிக்கேற்ப நாள் குறிப்பதும் தேவை.

இரண்டாவது, நிலையான பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர், சுற்றுச் சிற்றூர்களின் உழவர் ஆகியோருக்கு ஒரே அளவான மருத்துவ வசதி இருப்பதில்லை. சோதனைப் பட்டை வாங்கப் பணமில்லாத குடும்பத்தின் கவலையை அறிவுரையால் மட்டும் தீர்க்க இயலாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் கோடை வெப்பத்திலிருந்து இன்சுலினைக் காக்க, ஈர மண்பானைக்குள் வைக்கும் முறை இந்தியாவில் வழக்கிலுள்ளது. இத்தகைய சிறு உதவிகளும் உளைச்சலைக் குறைப்பனவே.

மூன்றாவது, அனைவரும் அனைவரையும் அறிந்த நகரியத்தில் இரகசியம் காப்பது கடினம். நிரப்பிய தாள் பள்ளிக்கோ பணியிடத்துக்கோ செல்லாது என்ற உறுதியின்றி உண்மையான விடை கிடைக்காது.

மதிப்பீட்டுக்குப் பின்

அளந்துவிட்டு வாளாவிருத்தல் தீங்கானது. தம் துயரைச் சொன்னவர் மறுமுறை சொல்லமாட்டார். உயர்ந்த மதிப்பெண் பெற்ற வினாக்களைப் பற்றி அன்றே பேசுதல், பராமரிப்பு முறையை எளிதாக்குதல், குற்றஞ்சாட்டாத சொற்களைப் பயன்படுத்தல், அதே நோயுடைய பிற குடும்பங்களுடன் சந்திப்பு, தேவையெனில் உளவியலாளரிடம் அனுப்புதல் ஆகியன வழக்கமான படிகள். சர்க்கரை அளவு 'நல்லது', 'கெட்டது' என்று சொல்வதற்கு மாறாக 'உயர்ந்துள்ளது', 'தாழ்ந்துள்ளது' என்று சொல்வது எளிய, செலவற்ற மாற்றமாகும்.

பள்ளியின் ஒத்துழைப்பும் இன்றியமையாதது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017ஆம் ஆண்டில், வகை 1 நீரிழிவுடைய மாணவர் தேர்வறைக்குள் தின்பண்டம் எடுத்துச் செல்ல இசைவளித்தது. மனநல உதவிக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வரம்புகள்

வினாத்தாள் ஒரு நாளின் மனநிலையையே காட்டுகிறது. மருத்துவரை மகிழ்விக்கவோ, தண்டனைக்கு அஞ்சியோ பிள்ளைகள் குறைத்துச் சொல்லலாம். பெரும்பாலான அளவுகோல்கள் மேலைநாடுகளில் உருவானவை. மேலும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சீராக இருப்பதனால் மனமும் சீராக உள்ளது எனக் கொள்ளலாகாது. கடும் முயற்சியால் எண்ணைக் காத்துக்கொண்டு உள்ளே நொந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் கண்டறிவது குருதிச் சோதனையால் இயலாதது, கேட்டறிவதனாலேயே இயலும்.

இவற்றையும் பார்க்க

* நீரிழிவு நோய்
* இன்சுலின்
* மனச்சோர்வு
* நெய்வேலி
* உலக நீரிழிவு நாள்