காக்கை சுடத் துப்பாக்கி யாருக்கு?

சட்டத்தின் உள்ளக் கருத்தை அறிய விரும்புவோர் பெரிய சட்டங்களை மட்டுமே புரட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. அரசுரிமை, வரி, வாக்குரிமை முதலியவை பற்றிய சட்டங்களில் ஆள்வோர் தம் எண்ணத்தை அழகிய சொற்களால் போர்த்துவிடுவர். சிறிய சட்டங்களிலோ அப்போர்வை இராது. விளைந்த கதிரைத் தின்னும் காக்கையைக் குடியானவன் எக்கருவி கொண்டு கொல்லலாம் என்பது மிகச் சிறிய கேள்வி. ஆயினும் இக்கேள்விக்கு இங்கிலாந்து தேசத்தார் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அளித்து வந்த விடைகளை வரிசையாக வைத்து நோக்குவோமாயின், ஒரு சமுதாயம் மனிதனை எவ்வாறு மதித்தது என்னும் பெரிய கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. அவ்வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

பறவைக்கும் உழவனுக்கும் உள்ள வழக்கு மிகப் பழையது. தினைப்புனத்துப் பரண்மீது நின்று, கவணும் தட்டையும் கொண்டு கிளியோட்டிய மகளிரைப் பழந்தமிழ்ப் பாட்டுக்களில் நாம் காண்கின்றோம். கருவி எளியது, ஓசை எழுப்பினால் பறவை பறந்துவிடும். அக்கருவியை யார் கையில் எடுக்கலாம் என்று எந்த அரசனும் ஆணையிட வேண்டியதாக இருக்கவில்லை. வெடிமருந்து உலகில் பரவியபின்னரே அவ்வினா எழுந்தது.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி அரசன் காலத்தில், 1533ஆம் ஆண்டில், காக்கைகளை அழிப்பதற்கென்றே பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. காக்கையும் அவ்வினத்தைச் சார்ந்த வேறு பறவைகளும் எண்ணிறந்தனவாகப் பெருகித் தானியத்தைத் தின்கின்றன, வீடுகளின் வைக்கோற் கூரையையும் பிய்க்கின்றன என்று அச்சட்டத்தின் முகவுரை முறையிட்டது. பத்து வீடுகளேனும் உள்ள ஒவ்வோர் ஊரும் தன் செலவில் காக்கை பிடிக்கும் வலையொன்றை வைத்திருத்தல் வேண்டும் என்றும், பிடித்துக் கொன்ற பன்னிரண்டு கிழக் காக்கைகளுக்கு இரண்டு பென்னி கூலி என்றும் விதித்தது. ஆகவே காக்கையைக் கொல்லுதல் குடியானவனுக்கு உரிமை மாத்திரம் அன்று. அரசன் சுமத்திய கடமையும் ஆயிற்று.

கடமையைச் சுமத்திய அரசன் அதற்கேற்ற கருவியைக் கொடுத்தானா? 1541ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. ஆண்டொன்றுக்கு 100 பவுன் வருமானம் தரும் நிலமுடையவனே துப்பாக்கியோ குறுக்குவில்லோ கொண்டு சுடலாம் என்றது அச்சட்டம். மீறியவனுக்குத் தண்டம் 10 பவுன். துப்பாக்கியின் நீளத்தையும் அது அளந்தது: அடிக்கட்டையும் குழலும் சேர்ந்து ஒரு கெஜத்துக்குக் குறையலாகாது. ஒரு வகைத் துப்பாக்கிக்கு மாத்திரம் முக்கால் கெஜம் போதும். ஆடைக்குள் மறைக்கத்தக்க சிறு துப்பாக்கிகளால் கொலையும் கொள்ளையும் நேர்கின்றன என்பதும், ஆங்கிலேயர் தம் பழைய வில்வித்தையை மறந்து வருகின்றனர் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

நீளத்தை அளந்ததில் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஒளித்து வைக்கும் துப்பாக்கி எவர் கையில் இருந்தாலும் ஆபத்தே. ஆனால் 100 பவுன் என்னும் மற்றோர் அளவுகோல் துப்பாக்கிக்கு உரியதன்று. அது மனிதனுக்கு வைத்த அளவுகோல். செல்வன் கையில் இருந்தால் அதே கருவி நன்மை செய்யும், ஏழை கையில் இருந்தால் தீமை செய்யும் என்று கருதுபவன் அன்றோ இத்தகைய சட்டம் இயற்றுவான்?

இதனுடன் நில்லாமல், ஆறாம் எட்வர்டு காலத்தில் 1548ஆம் ஆண்டில் ரவை சுடுதலுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கிக் குழலில் ஒரே குண்டைப் போட்டுச் சுடுவது ஒரு முறை. பல சிறு ரவைகளைக் கொட்டிச் சுடுவது மற்றொரு முறை. பறக்கும் பறவையை ஒற்றைக் குண்டால் வீழ்த்துதல் எளிதன்று. ரவையோ விரிந்து பரவிச் செல்வதால் குறி சிறிது தப்பினும் பறவை விழும். பிரபுக்கள் சபையில் அமரும் தகுதியுடையவருக்குக் கீழ்ப்பட்ட எவரும் ரவை சுடலாகாது என்றும், மீறினால் 10 பவுன் தண்டமும் மூன்று மாதச் சிறையும் என்றும் அச்சட்டம் விதித்தது. ரவையால் பறவைகள் அளவின்றி மடிகின்றன என்பதும், போருக்கு வேண்டிய குறிதவறாமை கெடுகின்றது என்பதும் அதன் வாதம். இச்சட்டம் 1695ஆம் ஆண்டில்தான் நீக்கப்பெற்றது.

இனி 1566ஆம் ஆண்டுக்கு வருவோம். எலிஸபெத்து இராணியார் காலத்தில் தானியப் பாதுகாப்புச் சட்டம் என ஒன்று நிறைவேறிற்று. மாதாகோயில் நிர்வாகிகள் நிலமுடையோரிடம் பணம் தண்டி ஒரு நிதி வைத்திருக்க வேண்டும்; கிழக் காக்கைத் தலை மூன்று கொணர்ந்தால் ஒரு பென்னி, குஞ்சின் தலை ஆறுக்கு ஒரு பென்னி, உடையாத முட்டை ஆறுக்கு ஒரு பென்னி என அந்நிதியிலிருந்து கொடுத்தல் வேண்டும். ஒருமுறை கூலி பெற்ற தலையை மறுமுறை காட்டி ஏமாற்றாதிருக்க அவற்றை எரித்துவிடுவார்கள். இச்சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 1863ஆம் ஆண்டில்.

1533, 1541, 1548, 1566 ஆகிய இந்நான்கு ஆண்டுகளின் சட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசகர்கள் நிறுத்திப் பார்ப்பார்களாக. காக்கையைக் கொல் என்பது ஒரு சட்டம். துப்பாக்கியைத் தொடாதே என்பது மற்றொன்று. ரவையைக் கொட்டாதே என்பது பிறிதொன்று. கொன்ற தலைக்குக் கூலி தருவோம் என்பது நான்காவது. விளைவு யாது? ஏழைக் குடியானவன் வலையும் கண்ணியும் கொண்டு அலைந்தான். மரமேறிக் கூட்டைக் கலைத்தான். துப்பாக்கியோ, தன் கதிர் போனாலும் பசியறியாத செல்வனின் தோளில் தொங்கியது.

1671ஆம் ஆண்டில் வந்த வேட்டைச் சட்டம் இவ்வேற்றுமையை மேலும் இறுக்கியது. ஆண்டுக்கு 100 பவுன் தரும் சொந்த நிலமோ, 150 பவுன் தரும் நீண்டகாலக் குத்தகையோ உடையவர்களும், உயர்குடியினரின் மூத்த மக்களும் நீங்கலாக மற்றையோர் வீட்டில் துப்பாக்கி, வில், வேட்டைநாய், வலை முதலியன இருத்தல் கூடாது. நிலப்பிரபுவின் வேட்டைக் காவலன் அதிகாரச் சீட்டுடன் குடியானவன் வீட்டுக்குள் புகுந்து தேடி, கண்டவற்றைப் பறித்துச் செல்லலாம். அந்நாளில் ஆண்டுக்கு 40 ஷில்லிங், அஃதாவது 2 பவுன், தரும் சொந்த நிலம் உடையவனுக்குப் பார்லிமெண்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்குரிமை இருந்தது. எனவே நாட்டை ஆள்பவரைத் தேர்வதற்குப் போதிய சொத்தைப்போல் ஐம்பது மடங்கு இருந்தாலன்றி ஒரு கௌதாரியைக் கொல்ல இயலாது. இந்த விந்தையை எடுத்துக் காட்டியவர் கலகக்காரர் எவரும் அல்லர். ஆங்கிலச் சட்ட அறிஞருள் தலைசிறந்தவரான பிளாக்ஸ்டன் என்பாரே.

இக்காரிருளில் முதற் கீற்றாகத் தோன்றியது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. ஆன் இராணியார் காலத்தில் வந்த புதிய வேட்டைச் சட்டம் விலக்கப்பட்ட கருவிகளை வரிசையிட்டபோது துப்பாக்கி என்னும் சொல்லை விட்டுவிட்டது. எனினும் துப்பாக்கி வைத்திருந்தமைக்காகவே கார்ட்னர் என்பவர் தண்டிக்கப்பட்டார். 1739ஆம் ஆண்டில் அவ்வழக்கு அரசநீதிமன்றத்தின் முன் வந்தது. வலை, வேட்டைநாய் போன்றவை வேட்டைக்கே உரியவை. துப்பாக்கியோ வீட்டைக் காக்கவும் தீங்கு செய்யும் பிராணிகளைக் கொல்லவும் வேண்டப்படுவது. ஆகவே அதனைத் தவறாகப் பயன்படுத்தினாலன்றி, வைத்திருப்பது மாத்திரமே குற்றம் ஆகாது என்று நீதிபதிகள் கூறித் தண்டனையைத் தள்ளினர். நிலத்தின் அளவை நோக்காது செயலின் தன்மையை நோக்கிய இத்தீர்ப்பு பொன்னெழுத்துக்களில் பொறிக்கத்தக்கதாகும்.

1831ஆம் ஆண்டில் பார்லிமெண்டு பழைய சொத்துத் தகுதியை அடியோடு ஒழித்தது. 1870ஆம் ஆண்டில் துப்பாக்கிக்கு 10 ஷில்லிங் லைசென்சு வந்தபோது, தன் நிலத்தில் பறவையை விரட்டவோ தீங்கு செய்யும் பிராணியைக் கொல்லவோ மாத்திரம் துப்பாக்கி எடுக்கும் விவசாயிக்கு அந்த லைசென்சு வேண்டுவதில்லை என்று விலக்களிக்கப்பட்டது. 1541இல் யாருக்குத் துப்பாக்கி மறுக்கப்பட்டதோ அவனுக்கே, யாது காரணத்துக்காகத் தேவைப்பட்டதோ அக்காரணத்துக்காகவே, சட்டம் வழி திறந்தது. இடையில் கழிந்தவை முந்நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள்!

ஆனால் வழி திறந்தது நிலத்தைத் தன் கைவசம் வைத்திருந்தவனுக்கு. நிலமே இல்லாத கூலியாளின் நிலை யாது? ஜோசப் ஆர்ச் என்னும் பெரியார் 1826ஆம் ஆண்டில் வார்விக்ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை வயலில் காக்கை விரட்டுதல். நாள் முழுதும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் நான்கு பென்னி கூலி. எலிஸபெத்து இராணியார் காலத்தில் பன்னிரண்டு செத்த காக்கைகளின் தலைக்குக் கொடுத்த விலை எதுவோ, ஏறக்குறைய இருநூற்றெழுபது ஆண்டுகள் கழிந்தபின் உயிருள்ள ஒரு சிறுவனின் ஒரு நாட் கூலியும் அதுவே! பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகள் மரத்தட்டையைக் கையில் ஏந்தி, குளிரிலும் மழையிலும் கத்திக்கொண்டு வரப்பிலே நின்றார்கள். இளமையிலேயே தோட்ட வேலை கண்ட தலைமுறையினர்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. காக்கை விரட்டிய அச்சிறுவர் வளர்ந்து, 1872ஆம் ஆண்டில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1885ஆம் ஆண்டில் பார்லிமெண்டிலும் அமர்ந்தார். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வயல் வேலைக்கு வைக்கலாகாது என்னும் சட்டம் 1873ஆம் ஆண்டில் பிறந்தது.

இங்கிலாந்தில் செல்வத்தால் மனிதனை அளக்கும் கோல் ஒடிக்கப்பட்ட அதே நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் வேறொரு கோல் நாட்டப்பட்டதையும் நாம் மறத்தலாகாது. லிட்டன் பிரபு இராஜப்பிரதிநிதியாக இருந்தபோது 1878ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி இந்தியர் ஆயுதம் வைத்திருக்க லைசென்சு பெறவேண்டும். ஐரோப்பியர்க்கோ அதன்கீழ் அமைந்த விதிகள் விலக்களித்தன. ஆங்கே பவுன் கணக்கு. ஈண்டு நிறக் கணக்கு. நம்மவருள் பலரின் முன்னோர் விட்டு வந்த சென்னை மாகாணத்துக் கிராமங்களும் அச்சட்டத்தின் கீழேயே இருந்தன. 1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் இராஜப்பிரதிநிதியின்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள் துப்பாக்கி லைசென்சு பற்றியதும் ஒன்று. சுதந்திர இந்தியா 1959ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டம், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு வழங்க வகை செய்தது. அது போதாத இடத்தில் ரவை சுடும் வேறு துப்பாக்கிக்கும் அனுமதி அளிக்கலாம் என்றது. ஈண்டுக் கேட்கப்படுவது இனம் யாது என்பதன்று. பயிர் உண்டா, கருவி அதற்கு ஏற்றதா என்பதே.

இங்கிலாந்திலும் பிற்காலச் சட்டங்கள் இந்நெறியிலேயே சென்றன. 1954ஆம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளைக் காப்பதே பொதுவிதி, கொல்லுதல் விலக்கு என்று முறையை மாற்றி அமைத்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் கருவியை நுணுகி அளந்தது: குழல்வாயின் உள்விட்டம் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மேற்பட்ட ரவைத் துப்பாக்கியால் பறவையைச் சுடலாகாது, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியாயின் அதன் தோட்டாக்கூடு இரண்டுக்கு மேல் கொள்ளாததாக இருத்தல் வேண்டும். காக்கை போன்ற சில பறவைகளுக்கெனப் பிறக்கும் பொது உரிமம் இத்தடைகளுள் சிலவற்றைத் தளர்த்துவதும் உண்டு; ஆயினும் பயிர்ச்சேதத்தைத் தடுத்தல் போன்ற தக்க காரணம் இன்றி அவ்வுரிமம் பயன்படாது. பிரபுவாயினும் சரி, ஐந்து ஏக்கர் உழுபவனாயினும் சரி, ஒன்றேமுக்கால் அங்குலம் இருவருக்கும் ஒன்றேமுக்கால் அங்குலமே!

துப்பாக்கிக்கு அளவு வைப்பதே உழவனுக்குக் கொடுமை என்பார் சிலர். அது பொருந்தாது. வெடிக்கும் கருவி அயலானையும் வழிப்போக்கனையும் கொல்ல வல்லது. ஒரே வெடியில் பறவைக் கூட்டத்தையே அழிக்கும் கருவி பறவையினத்தையே அருகச் செய்யும். இவற்றைத் தடுத்தல் அரசின் கடமை. நாம் கண்டிப்பது அளத்தலை அன்று. அளக்கும் பொருளை மாற்றிவிடுதலையே. ஆபத்து கருவியில் இருக்க, அது மனிதனின் வறுமையிலும் நிறத்திலும் இருப்பதாகப் பாவித்த சட்டமே அநீதியான சட்டம்.

ஆதலின் எந்தச் சட்டம் நம்முன் வரினும் அதனிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நீ அளப்பது செயலையா, அன்றி ஆளையா? செயலை அளக்கும் சட்டத்துக்கு மதிப்புடன் கீழ்ப்படிவோம். ஆளை அளக்கும் சட்டத்தை அறிவாலும் ஒற்றுமையாலும் மாற்ற முயல்வோம். மூன்று நூற்றாண்டுகள் காத்திருந்த ஆங்கிலக் குடியானவனைப்போல் நாமும் காத்திருக்க வேண்டும் என்னும் விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.